ஊதும் பெட்டி

ஹோம்ஸ் கவுண்டி, ஒஹாயோ
நவம்பர் 12

அன்புள்ள லொவீனா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே சோளம் அறுத்து முடித்தாகிவிட்டது. மேட்டி நாற்பது ஜாடி ஆப்பிள் கூழ் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு விஷயம். வேறு யாராவது எழுதி உனக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தீவனம் வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பும்போது தூங்கிவிட்டேன். குதிரை நின்றதும் கண் விழித்தால், எதிரே ஆர்வா மில்லர் பால் வாளியோடு நிற்கிறான். இந்தக் குதிரையை மார்ச்சில் அவனிடம்தான் வாங்கினேன். அது பாட்டுக்குப் பழைய எஜமான் வீட்டுக்கே போய்விட்டது. எட்டு மைல், எதிர்த்திசையில்.

"என்ன ஆட்லி, குதிரையத் திருப்பிக் குடுக்க வந்தியா? காசெல்லாம் செலவாயிருச்சேப்பா" என்றான். வீட்டோடு சிரித்தார்கள். காபி கொடுத்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் வீட்டுக்குப் போக, லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும். கடந்தது எனக்குத் தெரியாது. 

மேட்டி அதற்கப்புறம் விடவில்லை. நம் ஆமிஷ் சபையைச் சேராத, வேன் வைத்திருக்கும் இங்கிலீஷ்காரர் டக்கைக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள். ஒரு ராத்திரி அங்கே படுக்கச் சொன்னார்கள். தலையெல்லாம் பசை தடவி வயர் ஒட்டி, "இப்ப நிம்மதியா தூங்குங்க" என்றாள் ஒரு நர்ஸ். எப்படித் தூங்குவது? ஆனாலும் தூங்கினேன் பார். காலையில் மேட்டியும் வந்ததும் டாக்டர் சொன்னார், தூக்கத்தில் எனக்கு மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறதாம்.

"நாப்பத்தொண்ணா? எண்ணினதுல தப்பு இருக்காதா?" என்று கேட்டேன்.

"உங்க மனைவியக் கேளுங்க" என்றார். மேட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மிஷின் தருவார்களாம். மூக்கில் மாட்டிக்கொண்டால் ராத்திரி முழுக்கக் காற்று ஊதுமாம். எத்தனை நாளைக்கு என்றால், ஆயுசுக்கும் என்கிறார்கள். அசதியாக இருக்கிறது அக்கா. படுத்து எழுந்தால், படுக்காதவனைவிட அதிக அசதி.

நீ அவசரமில்லாமல் பதில் எழுது. பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ஆட்லி


வெர்னன் கவுண்டி, விஸ்கான்சின்
நவம்பர் 18

அன்புத் தம்பி ஆட்லிக்கு,

உனக்கும் மேட்டிக்கும் சமாதானம் உண்டாகட்டும். என் முழங்கால் கிடக்கிறது, அதை விடு. உன் கடிதம் மத்தியானம் வந்தது. ரொட்டி மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த மிஷினை வாங்கு. வந்த அன்றைக்கே மாட்டு. மாமன் என்ன சொல்வான், மச்சான் என்ன சொல்வான் என்று வாசற்படியில் நிற்காதே. உன் பிஷப் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு எழுது, அவருக்கு நானே ஒரு கடிதம் போடுகிறேன். மன்ரோ எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு கீழே. மூக்கொழுகிக்கொண்டு திரிந்த ஆள்தானே.

வரும் பிப்ரவரியோடு என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம். எல்லோரிடமும் சொன்னதைத்தான் உன்னிடமும் சொன்னேன், என் பக்கத்தில் படுத்திருந்தார், சத்தமே இல்லாமல் போய்விட்டார் என்று. ரோமனும் உன்னைப் போலத்தான் குறட்டை விடுவார். அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

மாவு பொங்கி வழிகிறது. மிஷின் வந்ததும் எழுது.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
லொவீனா


ஒஹாயோ
டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். பனி முழங்கால் அளவு விழுந்திருக்கிறது. மாடுகள் பால் குறைத்துவிட்டன.

மிஷின் வந்து நாலு நாள் ஆகிறது. நீ பிஷப்புக்கு எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் மட்டும் உட்கார்ந்திருந்தபோது விஷயத்தை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஊர்க் கரண்ட்டு வயரு சுவத்துக்குள்ள போகுதா?" என்றார் மன்ரோ.

"இல்ல. பட்டறைக் கூரை மேல இருக்கிற சூரியத் தகட்டுல சார்ஜ் ஏத்துற பேட்டரிதான்."

"வெளி ஆளுங்களோட பேசுமா? டெலிபோன் மாதிரி ஏதாச்சும்?"

"பேசாது. ஊதும், அவ்வளவுதான்."

"அப்ப ஊதட்டும்" என்றார். கை தூக்கி எல்லோரும் சம்மதித்தார்கள். பின்வரிசையில் யாரோ, "ஆட்லி இனிமே பிரசங்கத்துக்கும் மாட்டிட்டு வரலாம்" என்றான். சிரிப்பை அடக்க பெஞ்சே குலுங்கியது.

முதலில் கொடுத்த முகமூடி வாயையும் மூக்கையும் மூடுவது. என் தாடிக்குள்ளே காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது. நர்ஸ் ஷெரில் தயங்கித் தயங்கி, "தாடிய மட்டும் கொஞ்சம்..." என்றாள். மேட்டி என்னைப் பார்த்தாள், நான் மேட்டியைப் பார்த்தேன். கல்யாண நாளிலிருந்து வளர்த்த தாடி. அப்புறம் நர்ஸே வேறொன்று எடுத்து வந்தாள், மூக்கில் மட்டும் பொருந்துவது. மாட்டிப் பார்த்துவிட்டு, "மீசையே இல்ல! ஆமிஷ் ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று கை தட்டினாள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க தாடையைக் கட்டவேண்டும். மேட்டி பழைய ஃபிளானல் துணியில் ஒரு பட்டை தைத்துத் தந்திருக்கிறாள். தலைக்கு மேல் முடிச்சு. கண்ணாடியில் பார்த்தால் பல்வலிக்காரன்.

உன்னிடம் மறைப்பானேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. காற்றை ஈரமாக்கும் வெந்நீர்ப் பகுதியைப் போட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் வறண்ட காற்றுதான், தொண்டை தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. கண் மூடியதும் ஓட்ஸ் குதிருக்குள் இருக்கிறேன். நினைவிருக்கிறதா, எனக்கு ஏழு வயது. தானியம் மூக்குவரை வந்தபோது நீதான் தலைமுடியைப் பிடித்து இழுத்தாய். அதே திணறல். விழித்துப் பார்த்தால் முகமூடி கையில் இருக்கிறது. எப்போது பிடுங்கினேன் என்று தெரிவதில்லை.

பழகிவிடும் என்கிறார்கள். பார்க்கலாம். பண்டிகை வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆட்லி


விஸ்கான்சின்
டிசம்பர் 23

அன்புத் தம்பிக்கு,

பிறந்த பாலகனின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். இங்கே பிள்ளைகளுக்கெல்லாம் இருமல். வெங்காயப் பற்று போட்டுப் போட்டு வீடே நாறுகிறது.

ஒரு மணி நேரம் என்பது கணக்கில்லை ஆட்லி. பிடுங்கினால் திரும்ப மாட்டு. மறுபடி பிடுங்கினால் மறுபடி மாட்டு. வேறு வேலை என்ன இருக்கிறது உனக்கு? குதிர் நினைவிருக்கிறது. இழுத்ததில் உன் முடி ஒரு பிடி என் கையோடு வந்துவிட்டது. அம்மா அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. மேட்டி உன் அறையில்தானே படுக்கிறாள்? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அன்புடன் உன் அக்கா,
லொவீனா


ஒஹாயோ
ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். மிஷின் நன்றாக இருக்கிறது. தினமும் மாட்டுகிறேன். பழகிவிட்டது. நீ கவலைப்படாதே.

குளத்தில் பனிக்கட்டி ஒன்பது அங்குலம். நாளை ஐஸ் வெட்டுகிறோம். ஆர்வாவும் வருகிறான். மகன் டெல்பர்ட்டின் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது.

வேலை கிடக்கிறது. நிறுத்துகிறேன்.

ஆட்லி


விஸ்கான்சின்
ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பிள்ளைகள் இருமல் நின்றுவிட்டது. எனக்குத் தூக்கம் இல்லை, அது பழைய கதை.

பத்து வரி எழுதியிருக்கிறாய். அதில் மூன்று வரி ஐஸ். சின்ன வயதில் முட்டையை உடைத்துவிட்டுக் கோழியைப் பற்றி நீளமாகப் பேசுவாயே, அது ஞாபகம் வந்தது. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. உன் கடிதத்தில் மேட்டியின் பெயரே இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவள் பெயர் இல்லாமல் நீ ஒரு கடிதம் எழுதியதில்லை.

என்னடா நடக்கிறது அங்கே?

அக்கா


ஒஹாயோ
பிப்ரவரி 6

மரியாதைக்குரிய லொவீனா அண்ணிக்கு,

மேட்டி எழுதுவது. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். டெல்பர்ட்டுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

நீங்கள் உங்கள் தம்பிக்கு எழுதிய கடிதம் அலமாரியில் திறந்து கிடந்தது. படித்துவிட்டேன், மன்னியுங்கள். அவர் எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் மிஷின் மாட்டுவதில்லை. படுக்கும்போது மாட்டுவார், கொஞ்ச நேரத்தில் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். காலையில் யார் கேட்டாலும், "நல்லாத் தூங்கினேன்" என்பார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸின் கடிதம் வந்தது. "ஒரு ராத்திரிக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம்தான் மாட்டுகிறீர்கள், இது போதாது" என்று. அவர் அதை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார்.

"ரோட்டோர டெலிபோன் கொட்டகைக்குப் போனியா?"

"புதன்கிழமை போனேன். மருத்துவச்சியக் கூப்பிட. உங்க பேத்தி பிறந்தாளே, மறந்துட்டீங்களா?"

"மருத்துவச்சிக்கு மட்டும்தான் போட்டியா?"

"வேற யாருக்குப் போடுவேன்?"

"அப்ப ஐம்பது நிமிஷம்னு ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்ல ரெண்டு பேருதான் இருக்கோம். நான் சொல்லல."

நான் இல்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை அண்ணி. ஒன்பது நாளாக அவர் என்னிடம் பேசுவதெல்லாம், உப்பை நகர்த்து, விளக்கை அணை, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவளை ஒரே கடிதத்தில் கோள்சொல்லி ஆக்கிவிட்டார்.

நேற்று மாவு பிசைந்துகொண்டே நின்றபடி தூங்கிவிட்டேன். நெற்றி மாவில் போய் இடித்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் முழு ராத்திரி தூங்கியதில்லை. அவர் மூச்சு நிற்கும், நான் விழிப்பேன், முழங்கையால் இடிப்பேன், மூச்சு வரும். திரும்ப நிற்கும். டாக்டர் சொன்ன நாற்பத்தொன்று எனக்குப் புதுச் செய்தி இல்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
மேட்டி


ஒஹாயோ
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமாக இருக்கிறாயா? மேட்டி உனக்கு எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். தபால்தலை ஒன்று குறைந்திருக்கிறது. எழுதியிருந்தால் அவள் சொன்னது அத்தனையும் சரி. நான்தான் பொய் எழுதினேன்.

நேற்று டக்கின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நர்ஸை நேரில் கேட்டுவிட வேண்டும் என்ற வேகம். "என் மனைவி உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னாளா?" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் சிரித்தாள்.

"உங்க மனைவியா? ஐயோ பாவம்! உங்க மிஷின்தாங்க சொல்லுது. தினம் காலைல, எத்தன மணிக்கு மாட்டினீங்க, எப்பக் கழட்டினீங்க, எல்லாம். அதுக்குள்ளயே ஒரு சின்ன போன் இருக்கு."

உட்காரக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். சபை முன்னால் எழுந்து நின்று, இது வெளியே பேசாது என்று வாயால் சொன்னவன் நான். இரண்டு மாதமாக என் தலைமாட்டில் ஒரு டெலிபோன் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறது. சபைக்குப் பொய் சொன்னவன், உனக்குப் பொய் எழுதினவன், பொய் சொல்லாத மேட்டியைப் பொய்க்காரி ஆக்கினவன். எனக்கே என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

வந்ததும் மிஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டி வண்டிக் கொட்டகைப் பரணில் வைத்துவிட்டேன். நாளை டக் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், இல்லை அடுத்த வாரம். மேட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

என்னை மாட்டு மாட்டு என்று இனி எழுதாதே அக்கா. அலுத்துவிட்டது. ஐம்பத்துநாலு வயதுவரை மூச்சு விட்டாகிவிட்டது. ரோமன் அத்தானுக்கு வாய்த்த மாதிரி, பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருக்க, சத்தமில்லாமல் போனால் அதுவும் நல்ல சாவுதானே? எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

பனி இன்னும் விடவில்லை.

ஆட்லி


விஸ்கான்சின்
பிப்ரவரி 17

ஆட்லி,

சுகம் கேட்கும் வழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடுகிறேன், மன்னித்துக்கொள். இன்றோடு ரோமன் போய் மூன்று வருடம். உன் கடிதமும் இன்றைக்கேதான் வந்தது.

நான் அவர் பக்கத்தில் இல்லை.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தக் குளிர்காலம் எனக்கு இரண்டு போர்வைத் தையல் வேலை, பகலெல்லாம் ஊசி, ராத்திரியெல்லாம் அவர் குறட்டை. மூச்சு நிற்கும், நான் தட்டுவேன். மேட்டி முழங்கையால் இடிக்கிறாள், நான் உள்ளங்கையால் முதுகில் தட்டுவேன். இருபத்தாறு வருடம் தட்டினேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன், "இன்னிக்கு ஒரு ராத்திரி நான் அடுத்த ரூம்ல படுத்துக்கிறேன், என்னால முடியல." அவர், "போய்த் தூங்கு, லொவீனா. உன் கண்ணப் பாரு, செவந்து கிடக்கு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். கதவையும் சாத்தினேன்.

நன்றாகத் தூங்கினேன் ஆட்லி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. காலையில் எழுந்தால் வீடு அமைதியாக இருந்தது. பரவாயில்லையே, இன்றைக்கு அவரும் நன்றாகத் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டேன். சத்தம் போடாமல் அடுப்பு மூட்டினேன். மாவு கரைத்துத் தோசைக்கல்லில் அப்பம் சுட்டேன், எட்டு சுட்டேன். அவர் தூங்கட்டும் என்று அரை மணி நேரம் கூடுதலாக விட்டேன். அப்புறம்தான் போய்க் கூப்பிட்டேன்.

வந்தவர்கள், "பக்கத்துலயா இருந்தீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. ஒருமுறை சொன்னதும் அதையே சொல்லவேண்டியதாயிற்று. நல்ல சாவு, நல்ல சாவு என்று எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடமாக அந்தச் சாவைப் புகழ்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது நீயும் எழுதிவிட்டாய்.

அது நல்ல சாவு இல்லை. அவர் திணறினாரா, கையை நீட்டித் தேடினாரா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதோடுதான் நான் தினமும் படுக்கிறேன்.

சபைக்குப் பொய் சொன்னேன் என்கிறாய். தெரியாமல் சொன்னாய். மன்ரோவிடம் போய்த் தெரிந்ததைச் சொல்லிவிடு, அவர் உன்னைத் தின்றுவிட மாட்டார். முதலில் மேட்டியிடம் சொல். அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கு.

குதிருக்குள் விழுந்தபோது உன் முடி என் கைக்கு எட்டியது. இங்கிருந்து எட்டாது. இந்தக் காகிதம்தான் எட்டும்.

லொவீனா


ஒஹாயோ
ஏப்ரல் 3

அன்புள்ள லொவீனா அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். நீங்கள் நலமா? ஆறு வாரம் உங்களைக் காக்க வைத்துவிட்டோம், அது பாவம். அவர் மூன்று தடவை காகிதத்தை எடுத்து உட்கார்ந்தார். "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவார், அப்புறம் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார்.

உங்கள் கடிதத்தை அவர் தொழுவத்தில் நின்றுகொண்டே படித்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. பால் அறையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், வந்து வாசலில் நின்றார்.

"நீ சொல்லல. மிஷின்தான் சொல்லிச்சு. உன்ன அப்படிப் பேசினது தப்பு, மேட்டி."

"தப்புதான்" என்றேன். அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட எனக்கு மனமில்லை. அப்புறம் ஈரக் கையோடு உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தேன். இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். பாலை மறந்துவிட்டோம்.

மறுநாள் மன்ரோவிடம் போனார். அவர் யார் வீட்டுக் கூரையிலோ ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம். கீழே நின்றபடியே இவர் எல்லாம் சொல்லியிருக்கிறார். "அடப்பாவி, இத்தன நாளும் அது கோள் சொல்லிட்டா இருந்துச்சு?" என்று மேலிருந்து கேட்டு, இன்னொரு ஆணியை அடித்துவிட்டு, "ஊதுற வாய் இருக்கட்டும். பேசுற வாய அடைக்கச் சொல்லு" என்றாராம். நர்ஸ் ஷெரில் அந்த போனை நிறுத்திக் கொடுத்துவிட்டாள். உள்ளே எல்லாம் பதிவாகிற ஒரு சின்ன அட்டை இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்பவேண்டும். "உங்க சபையில தபாலுக்குத் தடை இல்லையே?" என்று கேட்டாளாம். உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை சபையில் தலைகுனிந்து உட்கார்ந்து தவறை ஒத்துக்கொண்டார். மன்னித்தார்கள்.

அப்புறமும் லேசாக இல்லை. பகலில் மாட்டிப் பழகுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஆடு நாற்காலியில் முகமூடியோடு உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். விதை விற்க வந்தவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் அப்புறம் வரேன்" என்று ஓடிவிட்டான். பதினைந்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. நான்கு தடவை வீசி எறிந்தார். நான்கு தடவையும் அவரே எடுத்து மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரி இரண்டு மணி நேரமானது, மூன்றானது.

இன்று காலை நாலரைக்கு அவர் எழவில்லை. மாடுகள் கத்தின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து பார்த்தால், தாடையில் என் ஃபிளானல் பட்டை, மூக்கில் குழாய், மார்பு ஏறி இறங்குகிறது. டெல்பர்ட்டைக் கூப்பிட்டு நாங்களே கறந்துவிட்டோம். இப்போது மணி எட்டு. அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறை மேசையில் எழுதுகிறேன். இங்கே வரைக்கும் அது ஊதுவது கேட்கிறது. நேற்று அவர் படுக்கப் போகுமுன் சொன்னார், "அக்காவுக்கு எழுதினா, கை எட்டிருச்சுன்னு எழுது" என்று. எழுதிவிட்டேன்.

இனி நான் எழுதப்போவது என் விஷயம். டிசம்பரில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் அவர் அறையில்தானே படுக்கிறேன் என்று. அவர் பதில் எழுதவில்லை. பிப்ரவரியில் உங்களுக்கு அத்தனை எழுதிய நானும் அதை எழுதவில்லை. ஜனவரி ஆறாம் தேதிப் பழைய கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் தலையணையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டேன் அண்ணி. மிஷினும் மாட்டமாட்டேன் என்கிறார், என்னையும் தூங்கவிடமாட்டேன் என்கிறார், எப்படியோ போகட்டும் என்று கோபம். கதவைச் சாத்தினேன். நான்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்ததும் அவரைப் பற்றி நினைக்கக்கூட இல்லை, அப்பாடா என்றிருந்தது.

ஐந்தாம் நாள் புகைக்குழாயில் பறவைக் கூடு அடைத்துக்கொண்டு மாடியெல்லாம் புகை. கண் எரிந்தது, குளிர் வேறு. திட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் படுத்தேன். அன்றைக்கு அவர் மூச்சு நின்றது. எண்ணினேன், நாற்பதைத் தாண்டியும் வரவில்லை. இடித்துப் பார்த்து, வராமல், இரண்டு காலாலும் உதைத்தேன். அப்புறம்தான் வந்தது.

அன்பினால் இறங்கி வரவில்லை. புகை வந்தது, அதனால் வந்தேன். அந்தக் குழாய் அடைக்காமல் இருந்திருந்தால் ஐந்தாம் நாளும் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். காலையில் அவர் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் அப்பம் சுட்டிருப்பேன். கேட்கிறவர்களிடம், பக்கத்தில்தான் இருந்தேன் என்று நானும் சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டுப் புகைக்குழாய் அன்றைக்குச் சுத்தமாக இருந்தது. நமக்குள்ளே வேறு வித்தியாசம் எதுவும் இல்லை அண்ணி. தூக்கம் இருந்தால் தூங்குங்கள்.

அவர் எழுந்துவிட்டார். மாடு கறந்தாச்சா என்று பதறுகிறார். நிறுத்துகிறேன்.

உங்கள்,
மேட்டி